சிலம்பை உடைத்துப் பார்ப்பவர் யார்?

மனச்சாய்வுகளைப் பற்றிய நூல்கள் பெருகிவிட்ட காலம் இது. புத்தகக் கண்காட்சிக்குச் சென்றால் மொழிபெயர்ப்பாகவும் தழுவலாகவும் ஓர் அடுக்கு நிறைய அவை கிடைக்கின்றன. தனக்குப் பிடித்த கருத்துக்கு இசைவான சான்றுகளையே மனம் நாடும். முதலில் காதில் விழுந்த தொகையைப் பற்றிக்கொண்டே விலை பேசும். ஏற்கெனவே பணத்தைக் கொட்டிவிட்டோம் என்பதற்காகவே தோற்ற காரியத்தில் மேலும் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு சோதனை, கடைசியில் விழிப்போடு இருக்கும்படி ஓர் அறிவுரை. அந்த அறிவுரையில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை.

இத்துறையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான டேனியல் கானமனுக்கும் (1934–2024) அதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அமோஸ் ட்வெர்ஸ்கியோடு இணைந்து 1970களில் அவர் செய்த ஆய்வுகள் 2002-ஆம் ஆண்டு அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. அத்தனை ஆண்டு ஆய்வுக்குப் பின்னும் தம் உள்ளுணர்வு முன்போலவே மிகை நம்பிக்கைக்கு இரையாகிறது என்றும், பிறர் தவறுகளைக் கண்டுகொள்வதுதான் தமக்கு எளிதாகியிருக்கிறது என்றும் 2011-இல் வெளியான தம் நூலில் அவர் எழுதினார்.

அதே நூலில் அவர் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1970களில் இஸ்ரேலில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பாடத்திட்டம் எழுதும் குழுவில் அவர் இருந்தார். பாடநூல் முடிய எவ்வளவு காலம் ஆகும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதித்தரச் சொன்னபோது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் என்றே எல்லாரும் எழுதினார்கள். பிறகு குழுவிலிருந்த பாடத்திட்ட வல்லுநரிடம், இதுபோன்ற வேறு குழுக்கள் எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டன என்று கேட்டார் கானமன். வல்லுநர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக் குழுக்கள் வேலையை முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கும் ஏழு முதல் பத்து ஆண்டுகள் ஆயின. சில நிமிடங்களுக்கு முன் இரண்டு ஆண்டுகள் என்று எழுதியவர்களுள் அந்த வல்லுநரும் ஒருவர்! உண்மை அவர் தலைக்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்காததால் அது வெளியே வரவில்லை. கேட்டு வெளியே வந்த பிறகும் குழு வேலையைக் கைவிடவில்லை. நூல் முடிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதைப் பள்ளிகளில் யாரும் பயன்படுத்தவும் இல்லை. அந்தப் பாடநூலின் பொருள், சரியாக முடிவெடுப்பது எப்படி என்பது.

ஆகவே பட்டியலை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு சாய்வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நம் எண்ணத்துக்கு ஒத்துவரும் சான்றை மட்டும் தேடும் சாய்வு அது. அதை விளக்க நம்மிடம் இருப்பதைவிடச் சிறந்த வழக்கு வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் குற்றவாளியா, ஊழ்தான் குற்றவாளியா என்று எத்தனையோ பட்டிமன்றங்கள் நடந்துவிட்டன. இளங்கோவடிகள் ஊழின் பக்கம் கைகாட்டுகிறார். நான் கவனிக்க விரும்புவது அந்த அரசாணையின் வடிவத்தை. அரசி ஊடிச் சென்றிருக்கிறாள். அவளைத் தேற்றப் போகும் அவசரத்தில் அரசன் இருக்கிறான். பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, காணாமற்போன சிலம்பின் கள்வன் அகப்பட்டான் என்கிறான். அரசன் காவலரை அழைத்து, சிலம்பு அவன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரும்படி ஆணையிடுகிறான்.

நெடுஞ்செழியன் சான்றே கேட்கவில்லை என்று சொல்வது பிழை. அவன் சான்று கேட்டான். சிலம்பு கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். ஆனால் கோவலன் கள்வனாக இருந்தால் அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கும்; தன் மனைவியின் சிலம்பை விற்க வந்த வணிகனாக இருந்தாலும் அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கும். இரண்டு நிலையிலும் ஒரே விடை வரக்கூடிய கேள்வி, கேள்வி போலத் தோன்றும் ஒரு முத்திரை மட்டுமே. ஏற்கெனவே எடுத்த முடிவின் மேல் அதைக் குத்திக்கொள்ளலாம்.

கொலைக்களக் காதையில் இதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. அவ்வளவாக யாரும் பேசாத இடம். கோவலனை நேரில் கண்ட காவலர்கள், இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். அந்த வழக்கில் எழுந்த ஒரே எதிர்ச்சான்று அதுதான். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, கள்வர்கள் கையாளும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் முதலான எட்டுத் துணைகளைப் பற்றிக் களவு நூல் சார்ந்த ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறான். நல்லவனாகத் தெரிவதே தேர்ந்த கள்வனின் அடையாளம் என்பது அதன் சாரம். எதிர்ச்சான்று அந்தக் கணத்திலேயே ஆதரவுச் சான்றாகிவிடுகிறது. காவலருள் ஒருவன் தானும் ஒரு கள்வன் கதையைச் சொல்லி அதற்கு வலுச்சேர்க்கிறான். கல்வியறிவற்ற ஒருவன் வாளை வீசுகிறான். தயங்கியவர்கள் தயங்கியபடியே நிற்கிறார்கள். இன்று எந்த அலுவலகக் கூட்டத்திலும் இந்த நான்கு பாத்திரங்களையும் காணலாம்: முடிவோடு வரும் வல்லுநர், அதற்கு இசைவாகக் கதை சொல்பவர், அவசரப்படுபவர், ஐயம் இருந்தும் பேசாதவர்.

பிறகு வழக்குரை காதை. கண்ணகி அழுது முறையிடுகிறாள் என்றே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வழக்கைத் தீர்த்தது அவள் சொன்ன ஒரு செய்தி: என் சிலம்பின் பரல் மாணிக்கம். அரசன் உடனே சொல்கிறான், எம் சிலம்பின் பரல் முத்து. அதுவரை யாரும் கேட்காத கேள்வி அங்கே பிறந்துவிட்டது. உடைத்தால் இரண்டில் ஒன்றுதான் வரும். இரண்டும் வர முடியாது. அரசன் சூழ்ச்சிக்காரனாக இருந்திருந்தால் பரல் எது என்பதை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சரியான கேள்வி முன்வைக்கப்பட்டதும் நேர்மையாக விடை சொன்னான். விடையை ஏற்று உயிரையும் விட்டான். நல்லவன், அறிவுடையவன், நீதி தவறக்கூடாது என்று உண்மையிலேயே விரும்பியவன். அதனால்தான் இந்த வழக்கு நமக்குப் பயன்படுகிறது.

உளவியலில் இதற்கு இணையான சோதனையை 1960-இல் பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேயர் வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு எண்களைச் சொல்லி, அவை விதிக்கு உட்படுகின்றனவா என்று கேட்டு, விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பெரும்பாலோர் இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று நினைத்துக்கொண்டு 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்ற விடையே வந்தது. உண்மையான விதி, எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும். 1, 7, 50 என்று ஒருமுறை கேட்டிருந்தால் தங்கள் எண்ணம் உடைந்திருக்கும். 29 பேரில் 6 பேர் மட்டுமே பிழையான விடை எதுவும் சொல்லாமல் நேராகச் சரியான விதிக்கு வந்தார்கள்.

இது எண் விளையாட்டோடு நின்றுவிடுவதில்லை. 1990களில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும். வைப்பாளர்களைக் காக்க 1997-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. பணம் போட்டவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள், எதையும் விசாரிக்காதவர்கள் என்று அன்று எளிதாகப் பேசினார்கள். நான் அறிந்த வரையில் அவர்கள் விசாரித்தார்கள். ஏற்கெனவே பணம் போட்டவரிடம் போய், மாதாமாதம் வட்டி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார்கள். வருகிறது என்று அவரும் உண்மையைத்தான் சொன்னார். நேர்மையான நிறுவனம் வட்டி தரும். அடுத்தவர் கட்டும் முதலை எடுத்து வட்டி என்று கொடுக்கும் மோசடி நிறுவனமும், மூடும் நாள் வரை வட்டி தரும். சிலம்பு கையில் இருக்கிறதா என்ற அதே கேள்வி! இத்தனை வட்டி தருவதற்கு எந்தத் தொழிலில் இவ்வளவு ஆதாயம் வருகிறது, தணிக்கை செய்த கணக்கைக் காட்ட முடியுமா என்ற கேள்வியே இரண்டு வகை நிறுவனங்களையும் பிரித்துக் காட்டியிருக்கும். 2022-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் புதிய பெயர்களோடு இதே மோசடிகள் வெளிவந்தன. ஓய்வூதியத் தொகையையும் மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணத்தையும் இழந்தவர்கள் காவல் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளுக்கு இடையே என்ன குறை இருந்தது?

படித்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் என்றால் தப்பிவிடலாம் என்ற எண்ணத்துக்கும் ஒரு மறுப்பு இருக்கிறது. சேலஞ்சர் விண்ணோடத்தின் கதை அது.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை புளோரிடாவில் வழக்கத்துக்கு மாறான கடுங்குளிர் இருக்கும் என்று முன்னறிவிப்பு. விண்ணோடத்தின் இருபுறமும் உள்ள திட எரிபொருள் உந்திகள் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு இணைக்கப்பட்டவை; இணைப்புகளில் வெப்பவாயு கசியாமல் அடைப்பவை ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள். குளிரில் ரப்பர் விறைத்துப்போகும். உந்திகளைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போஜொலே முதலானோர், 53 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் (ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ்) கீழே ஏவக்கூடாது என்று தொலைபேசி வழிக் கூட்டத்தில் வாதிட்டார்கள். அதற்கு முந்தைய ஏவுதல்களில் மிகக் குளிரானது 1985 ஜனவரியில் அந்த 53 பாகையில் நடந்தது. வளையத்தைக் கடந்து கரி படிந்திருந்தது மிக மோசமாக அதில்தான். எதிர்த்தரப்பு ஒரு கேள்வி எழுப்பியது: 75 பாகையில், நல்ல வெயிலில் நடந்த ஏவுதலிலும் கசிவு இருந்ததே? வெயிலிலும் சேதம், குளிரிலும் சேதம். அப்படியானால் குளிருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு?

கேட்பதற்கு நியாயமான கேள்வியாகவே இருக்கிறது. அன்று பேச்சில் இருந்தவை சேதம் கண்ட ஏவுதல்கள் மட்டும். சேதமே காணாத ஏவுதல்கள் எந்த வெப்பநிலையில் நடந்தன என்பதை யாரும் எடுத்து வைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட ரோஜர்ஸ் ஆணையம் எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்த்தது. 66 பாகையிலும் அதற்கு மேலும் நடந்த 20 ஏவுதல்களில் 3-இல் மட்டும் சேதம். 63 பாகையிலும் அதற்குக் கீழும் நடந்த 4 ஏவுதல்களில் 4-லும் சேதம். இதைப் படிக்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சோதிடர் சொல்லிப் பலித்தவற்றை மட்டும் எண்ணி, சொல்லிப் பலிக்காதவற்றையும் சொல்லாமலே நடந்தவற்றையும் எண்ணாமல் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறதே, அதுதான் அன்று நாசாவின் கூட்டத்திலும் இருந்தது.

வரைபடங்களைச் சரியாகத் தயாரிக்காதது பொறியாளர்களின் குறை என்று எட்வர்ட் டஃப்டி என்ற வல்லுநர் எழுதியிருக்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. வழக்கமாக ஏவுவது பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க வேண்டும். அன்றிரவு, பாதுகாப்பற்றது என்று மெய்ப்பிக்கும்படி அவர்கள் பணிக்கப்பட்டார்கள். மெய்ப்பிக்கும் சுமை தலைகீழாகிவிட்டது. கையில் சிலம்போடு நின்ற கோவலனின் நிலை. தியோகால் நிர்வாகத்தினர் அரை மணி நேரம் தனியே கலந்தாலோசித்தனர். பொறியியல் துணைத்தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளும்படி மேலதிகாரி ஒருவர் சொன்னார். முடிவு மாறியது. மறுநாள் காலை, புறப்பட்ட 73-ஆம் நொடியில் ஓடம் சிதறியது; ஏழு பேரும் மாண்டார்கள்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 2003-இல், கொலம்பியா. எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு பெயர்ந்து இடச்சிறகில் மோதியது. முன்பும் பலமுறை நுரை பெயர்ந்திருக்கிறது, ஓடங்கள் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன என்ற நினைப்பே மேலிருந்தவர்களிடம் இருந்தது. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டும் என்று கீழிருந்த பொறியாளர்கள் கேட்டது நிறைவேறவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. மறுபடியும் ஏழு பேர். சேலஞ்சரின் பாடத்தை நாசாவில் அறியாதவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. அறிந்திருந்ததால் அன்று பயன் விளையவில்லை என்பதைத்தான் நான் சுட்ட விரும்புகிறேன்.

அப்படியானால் எதனால் பயன்? தனிமனித விழிப்பைவிட ஏற்பாடுகளை நம்பலாம் என்பது என் தரப்பு. மருத்துவ ஆய்வுகளிலிருந்து ஒரு சான்று சொல்ல முடியும். புது மருந்தைச் சோதிப்பவர்கள், எந்த விளைவை அளக்கப்போகிறோம் என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற விதி 2000-ஐ ஒட்டி வலுப்பெற்றது. இந்தியாவில் 2007-இல் இதற்கான பதிவேடு தொடங்கி, 2009 ஜூனில் கட்டாயமாக்கப்பட்டது. முன்பெல்லாம் குருதியழுத்தம் குறையவில்லையா, கொழுப்புக் குறைந்ததா பார். அதுவும் இல்லையா, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் பார் என்று எங்காவது ஒரு நற்செய்தியைத் தேடி எடுத்துவிட முடியும். அமெரிக்காவின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் நிதியளித்த பெரிய ஆய்வுகளை 2015-இல் ஒரு கட்டுரை எண்ணிப் பார்த்தது. 2000-க்கு முன் வெளியான 30 ஆய்வுகளில் 17 மருந்தால் பயன் என்றன. அதற்குப்பின் வெளியான 25-இல் 2 மட்டுமே அப்படிச் சொன்னன. முன்பதிவு ஒன்றே காரணம் என்று அறுதியிட முடியாதுதான். ஆனால் மருத்துவர்களின் மூளை அந்த ஆண்டில் திடீரென்று திருந்திவிடவில்லை என்பது உறுதி.

வீட்டளவிலும் இதைச் செய்யலாம். மனை வாங்கப் போகிறவர், எந்தச் செய்தி தெரியவந்தால் இதை வாங்கமாட்டேன் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடலாம். எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் அவர் மனையைப் பார்க்கப் போகவில்லை, முன்பே வாங்கிவிட்டார் என்று பொருள். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் பரிந்துரைத்த முறையும் எனக்குப் பிடித்தது. திட்டம் ஓராண்டுக்குப் பின் படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதவேண்டும். தோல்வி நடந்துவிட்டதாகவே கொள்வதால், ஐயப்பட்டுச் சொல்பவர் துரோகியாவதில்லை. அந்தக் காவலர்கள் வாய்திறக்க ஒரு வழி கிடைக்கிறது.

இதற்கெல்லாம் எல்லை உண்டு. கெர்ட் கிகரென்சர் போன்றோர் மனத்தின் குறுக்குவழிகளை இவ்வளவு இழிவாகப் பேசவேண்டாம் என்கிறார்கள். பெரும்பாலான நேரங்களில் அவை நம்மைக் காக்கின்றன. உண்மை. சந்தையில் கத்திரிக்காய் பொறுக்குபவர் சிலம்பையெல்லாம் உடைக்க வேண்டியதில்லை. தவறினால் மறுநாளே தெரிந்துவிடும், கையும் கண்ணும் அடுத்த முறை கற்றுக்கொள்ளும். விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும் முடிவுகளிலும், தவறை நாம் செய்ய விலையை வேறொருவர் கொடுக்கும் முடிவுகளிலும்தான் இந்த ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. மறுத்துப் பேசவென்றே ஒருவரை நியமித்துவிட்டால் போதும் என்றும் நான் எண்ணவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதிட 1587 முதல் ஒரு பதவி இருந்தது. 1983-இல் அதன் அதிகாரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. சம்பளத்துக்கு மறுப்பவரைக் கூட்டம் புன்னகையோடு கேட்டுக்கொண்டு தன் வழியில் போய்விடும். உண்மையிலேயே ஐயம் கொண்டவர் பேசினால்தான் பிறர் மனம் அசைகிறது. அவர் பேசுவதற்கு ஒரு விலை இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

தியோகாலின் சார்பில் அன்றிரவு ஏவுதளத்தில் இருந்தவர் ஆலன் மெக்டொனால்ட். ஏவலாம் என்ற பரிந்துரையில் கையெழுத்திட மறுத்தார். வேறொரு மேலாளரின் கையெழுத்து தொலைநகலில் வந்தது. விபத்துக்குப் பின் ஆணையத்தின் மூடிய அமர்வில், நாசா அதிகாரி ஒருவர் அந்த இரவுக் கூட்டத்தைப் பூசி மெழுகிப் பேசிக்கொண்டிருந்தபோது, அழைக்கப்படாமலே பின்னாலிருந்து எழுந்து, 53 பாகைக்குக் கீழே வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம் என்பதை அவர் வெளிப்படுத்தினார். நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகே அவர் மீண்டும் உயர்த்தப்பட்டு, உந்தியின் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1988 செப்டம்பரில் விண்ணோடம் மறுபடியும் பறந்தது அந்த இணைப்போடுதான்.